வெங்கடம்மா ஏரியும் இரண்டு கிலோ மீனும்

காலை ஐந்து ஐம்பதுக்கு எங்கள் சமையலறையில் நாற்பத்தொரு டப்பாக்கள் இருந்தன. அவற்றின் முன்னால் நின்று என் மனைவி காவேரி சீரகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சீரகம் அதன் இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். மூன்றாவது தட்டு, இடமிருந்து ஏழாவது, மஞ்சள் சீட்டு, எண் சி-07. எல்லா டப்பாக்களும் ஒரே உயரம், ஒரே நிறம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்குத்தான் எண்.

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். 2024 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் நேரம் பார்க்க வேண்டிய அவசியமில்லாதவனுக்கு ஏன் கடிகாரம் என்று யாரும் யோசிக்கவில்லை. பிப்ரவரி முதல் தேதி எனக்கு வேலை எதுவும் இல்லை. இரண்டாம் தேதி எங்கள் சமையலறையில் ஃபைவ் எஸ் தொடங்கியது.

ஃபைவ் எஸ் என்பது ஜப்பான்காரர்கள் கொடுத்த முறை. வேண்டாததை வெளியே போடு. வேண்டியதை இடத்தில் வை. துடை. அதையே வழக்கமாக்கு. வழக்கத்தை விடாதே. சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலைச் சுவரைப் பார்த்தாலும் இந்த ஐந்தும் எழுதியிருக்கும். சமையலறைச் சுவரில் எழுதியது அநேகமாக நான்தான் முதல்.

பத்து நாளில் நல்ல முன்னேற்றம். மூடி வளைந்த இட்லிப் பானைக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். சிவப்புச் சீட்டு என்றால் பயன்பாட்டுக்குத் தகுதியில்லை என்று அர்த்தம். அவள் சீட்டோடு சேர்த்து அடுப்பில் ஏற்றி இட்லி வேகவைத்தாள். தோசைகளை அளந்து பார்த்ததில் முதல் தோசைக்கும் நான்காவது தோசைக்கும் விட்டத்தில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அதைச் சொன்னேன். ஐந்தாவது தோசை வரவில்லை.

பிப்ரவரி 12, திங்கட்கிழமை, சீரகம்.

"சீரகம் எங்கங்க?"

"சி-07."

"எனக்கு நம்பர் வேணாம். சீரகம் வேணும்."

"நம்பர்லதான் சீரகம் இருக்குது."

காவேரி அடுப்பை அணைத்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாங்கப்போகும் மாட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"உங்க திறமைக்கு இந்த ரூம் பத்தாதுங்க" என்றாள்.

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் என் திறமையைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொன்னது இது. எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்த மகளிர் குழு ஒன்று உண்டு. ராகி மாவு அரைத்து விற்கிறார்கள். காவேரிதான் தலைவி. அவர்களுக்கு ராகி கொடுப்பவர் வெங்கடம்மா. ராயக்கோட்டை போகும் சாலையில் கெலமங்கலம் தாண்டி அவருக்கு நிலம் இருக்கிறது. நிலத்தின் நடுவில் சொந்தமாக மூன்று ஏக்கரில் ஓர் ஏரி. பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் கணவர் அதில் மீன்குஞ்சு விட்டார். அடுத்த வருஷமே இறந்துபோனார். அதன்பிறகு அந்த ஏரியில் யாரும் கை வைக்கவில்லை. செடி மூடிவிட்டது. கீழே மீன்கள் பத்து வருஷமாகத் தின்று வளர்ந்துகொண்டிருக்கின்றன.

"உங்க ஃபைவ் எஸ்ஸை வெச்சு அதுல ஒரே ஒரு மீன் புடிச்சுட்டு வாங்க. சமையலறையை உங்ககிட்டயே விட்டுடறேன். நீங்க சொல்ற எடத்துல நிப்பேன், நீங்க சொல்ற சைஸ்ல தோசை சுடுவேன்."

"புடிக்கலைன்னா?"

"சீட்டெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு சமையலறை வாசப்படிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கணும். தண்ணி வேணும்னாக்கூட கேட்டுத்தான் வாங்கிக் குடிக்கணும்."

முன்னறை டிவி ஏற்கெனவே அவளுடையது. மாடியில் துணிக்கொடி அவளுடையது. ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் ஒரு துறையாவது வேண்டும். எனக்குக் கிடைத்திருந்தது சமையலறை ஒன்றுதான். அது போனால் நான் வெறும் ஆள். ஆனாலும் எனக்குப் பயம் இல்லை. ஒரு மாதத்தில் நாற்பதாயிரம் உதிரிபாகங்களைச் சோதித்தவனுக்கு ஒரு மீன் எம்மாத்திரம்?

அன்று சாயங்காலமே நிபந்தனைகளை எழுதினேன். மீன் வெங்கடம்மா ஏரி மீனாக இருக்க வேண்டும். இரண்டு கிலோவுக்குக் குறையக்கூடாது. தூண்டில் போட்டு என் கையால் பிடித்ததாக இருக்க வேண்டும். கடைசி நாளை மட்டும் காவேரி சொன்னாள். ஏப்ரல் 10. யுகாதிக்கு மறுநாள். எங்கள் பக்கத்துத் தெலுங்கு, கன்னட வீடுகளில் அன்று அசைவச் சமையல் கட்டாயம். வெங்கடம்மா வீட்டில் நாற்பது பேர் சாப்பிடுவார்கள்.

தூண்டில் என்ற நிபந்தனை எதற்கு, எப்படிப் பிடித்தாலும் மீன் மீன்தானே என்று அவள் கேட்டாள். நான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். பொருள் சரியாக இருந்தால் போதாது, முறை சரியாக இருக்க வேண்டும். முறை தவறி வந்த பொருளை நான் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட ஏற்றுக்கொண்டதில்லை. அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மட்டும் திருப்பிக் கேட்டாள். அது மளிகைச் சீட்டு எழுதும் பேனா.

எதிர்வீட்டு யேசுராஜ் பன்னிரண்டு வருஷம் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். இன்னும் அதே தொழிற்சாலையில் இருக்கிறான். காலைப் பூசை முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிருஷ்ணகிரி அணையில் தூண்டிலோடு இருப்பான். அவனை அழைத்துக்கொண்டு ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்த் தூண்டில் கழி, நைலான் நரம்பு, முள், தக்கை எல்லாம் வாங்கினேன். பதினெட்டாம் தேதி காலை இருவரும் ஏரிக்குப் போனோம்.

"ஏரி எங்கேடா?"

"எதுக்க இருக்குதுங்க சார்."

எதிரே பச்சையாக ஒரு மைதானம் இருந்தது. ஆகாயத்தாமரை முழங்கால் உயரம் வளர்ந்து, ஊதாப் பூ பூத்துக் கிடந்தது. அதன்மேல் ஒரு கொக்கு போய்க்கொண்டிருந்தது. நீந்தவில்லை, பறக்கவில்லை. நடந்தது. கரையோரம் கோரை. ஒரு மூலையில் அல்லி. தண்ணீர் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை.

வெங்கடம்மா கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. தெலுங்கில் யோசித்துத் தமிழில் பேசுவார். இந்தக் குட்டையில் நிஜமாகவே மீன் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏரி சாரு" என்றார். "குட்டைங்கிறது அந்தப் பக்கம் எருமை படுத்திருக்குதே, அது."

யேசுராஜ் தூண்டிலை வண்டியிலிருந்து எடுக்கவே விடவில்லை. இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் ஏரிக்கு முதல் நாள் வெறுங்கையோடுதான் வரவேண்டும் என்றான். கரையைச் சுற்றி மெதுவாக நடக்க வேண்டும். காற்றில்லாதபோது எந்த இலை ஆடுகிறது, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். நூலில் கல்லைக் கட்டிவிட்டு ஆழம் பார்க்க வேண்டும். பிறகு ஒரே ஓர் இடத்தில், ரெண்டு கதவு அகலத்துக்கு மட்டும் செடியை விலக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் இரை போட வேண்டும், தூண்டில் போடக்கூடாது. எட்டாம் நாள், தடித்த நரம்பாகக் கட்டி, செடியின் ஓரத்தில் போட வேண்டும். பேசக்கூடாது. மிச்சச் செடியைத் தொடவே கூடாது.

"ஏன் தொடக்கூடாது?"

"செடிதான் சார் அதுங்களுக்கு வீடு. வீட்டை இடிச்சுட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டா யார் வருவாங்க?"

சொன்னவன் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். இருந்தாலும் சோதனைக்காக ஏற்றுக்கொண்டேன். சரிவான கரையில் அல்லியும் ஆகாயத்தாமரையும் சந்திக்கும் இடத்தில் இரண்டு கதவு அகலம் விலக்கினேன். கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு ராகிக் களியில் கடலைப் புண்ணாக்கு பிசைந்த உருண்டைகளைப் போட்டேன். உருண்டைகளைக் காவேரி அதிகாலையில் எழுந்து பிசைந்து கொடுத்தாள். முகம் சுளிக்கவில்லை. எனக்கு மதியச் சாப்பாடும் கட்டினாள். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் இது. நான் படவில்லை.

நான்காம் நாள் அல்லி இலை ஆடியது. ஆறாம் நாள் வரிசையாகக் குமிழி வந்தது. எட்டாம் நாள் தூண்டில் போட்டேன். ஏழு இருபதுக்குத் தக்கை இரண்டு முறை தலையாட்டியது. பிறகு காணாமல் போனது.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு இழுப்பை நான் பார்த்ததில்லை. கழி வில்லாக வளைந்தது. ஒரு நொடி தண்ணீருக்கு மேலே ஒரு முதுகு வந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் முதுகு அளவுக்கு இருந்தது. செதில் ஒவ்வொன்றும் எட்டணாக் காசு. நாலு கிலோவுக்குக் குறையாது. பிறகு அது ஆகாயத்தாமரையின் அடியில் புகுந்தது. வேரில் நரம்பு சிக்கியது. இழுத்தேன். அறுந்தது.

கரையில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தேன். சமையலறை என் கைக்கு வந்து நழுவிப் போயிருந்தது.

யேசுராஜிடம் சாயங்காலம் சொன்னேன். நீங்கள் மெல்லிய நரம்பு கட்டியிருக்கிறீர்கள், தடித்ததைக் கட்டி நாளைக்கே போடுங்கள், மீன் அங்கேதான் இருக்கும் என்றான். மேலோட்டமான பதில். தொழிற்சாலையில் ஒரு பழுது வந்தால் நாங்கள் ஐந்து முறை 'ஏன்' கேட்போம். ஐந்தாவது பதிலில்தான் மூல காரணம் இருக்கும். நான் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். மீன் ஏன் போனது? நரம்பு அறுந்தது. ஏன் அறுந்தது? வேரில் சிக்கியது. ஏன் சிக்கியது? வேர் அங்கே இருந்தது. ஏன் இருந்தது? செடி இருந்தது. ஏன் செடி இருந்தது? யாரும் அகற்றவில்லை.

மூல காரணம் கிடைத்துவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன்.

நீளமான கழியின் நுனியில் இரும்புக் கொக்கி. செடியைக் கொத்தாக மாட்டி இழுத்துக் கரையில் போட வேண்டும். ஆகாயத்தாமரை பார்ப்பதற்குப் பூ. தூக்கினால் ஈரமூட்டை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை, ஏ ஷிப்ட். பத்து மணிக்குப் பத்து நிமிஷம் தேநீர் இடைவேளை. அதற்கு மேல் நானே எனக்கு அனுமதிக்கவில்லை. எடுத்த செடியைக் கரையில் நேர்கோட்டில் குவித்து, ஒவ்வொரு குவியலுக்கும் எண் போட்டேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் எருவுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். எண்களை விட்டுவிட்டார்கள்.

ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகும் வண்டிகள் நின்று வேடிக்கை பார்த்தன. ஒரு டிரைவர் இறங்கி வந்து, நூறு நாள் வேலையா, ஏன் ஒரே ஆள் நிற்கிறீர்கள், மற்றவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்களா என்று விசாரித்தான். மீன் பிடிக்கிறேன் என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு இரண்டு கிலோ தக்காளி கொடுத்துவிட்டுப் போனான்.

இரண்டு வாரத்தில் கால் ஏரி வெளியே வந்தது. அதுவே போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது காவேரி பஸ் பிடித்து வந்தாள். கையில் சாப்பாட்டு அடுக்கு. எனக்குப் போட்டுவிட்டு வெங்கடம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு வராது. நடுநடுவே என்னைப் பார்த்தார்கள். நடுநடுவே சிரித்தார்கள். பெண்கள் எதற்கோ சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது காவேரி சொன்னாள். "இதோட நிறுத்திக்கங்க. மேல்பக்கம் உங்களால ஆவாது. கூலி ஆளுங்களே பார்த்துட்டு முடியாதுன்னு போயிட்டாங்களாம்."

மறுநாள் மேல்பக்கத்தைத் தொடங்கினேன்.

மார்ச் நடுவில் மறுபடி வந்தாள். இந்தமுறை குரலில் உருக்கம். "அந்தக் கெழக்கு மூலையை மட்டும் விட்டுடுங்க. பூவோட அழகா இருக்குது. உங்களுக்கும் வயசாவுது."

கிழக்கு மூலை நான்கு நாளில் முடிந்தது.

ஆழமான நடுப்பகுதிதான் பாக்கி. அதற்குப் பரிசல் வேண்டும். பரிசல் கிடைக்காது, நடுப்பகுதியை மறந்துவிடுங்கள் என்று காவேரி திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு, நீங்கள் பிடிவாதம் பிடிப்பதால் என்று சொல்லி, கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடிக்கும் தன் அண்ணனிடமிருந்து ஒரு பரிசலை மினிலாரியில் வரவழைத்தாள். அவள் பிறந்து வளர்ந்ததே அணைக்கரையில்தான். நான் தர்மபுரிக்கு மேற்கே, குழாயில் தண்ணீர் வந்தால் தெருவே ஓடிவரும் ஊரில் பிறந்தவன். மீனைப் பற்றி எங்கள் இருவரில் யாருக்கு அதிகம் தெரியும் என்று அப்போது எனக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டுப் பரிசலில் ஏறினேன். அது என்னை நான்கு முறை சுழற்றிவிட்டுத்தான் நகர்ந்தது.

அவள் 'விட்டுடுங்க' என்று சொன்ன எதையும் நான் இதுவரை விட்டதில்லை. இது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு வெங்கடம்மா ஏரியில் ஒரு செடி இல்லை. ஒரு இலை இல்லை. கோரையின் வேர்கூட இல்லை. மூன்று ஏக்கர் வானம் தரையில் கிடந்தது. என் இடுப்புப் பட்டையில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது, சர்க்கரை இறங்கியிருந்தது. வெங்கடம்மா கரை நெடுக நடந்துபோய்த் திரும்பிவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நான் பெருந்தன்மையாக, இதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த நான்கு நாள் தூண்டில் போட்டேன்.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மீன்கள் தெரிந்தன. நடு ஏரியில் கூட்டமாக, நாலடி ஆழத்தில், தொழிற்சாலையைச் சுற்றிப்பார்க்க வந்த விருந்தினர்கள்போல் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. நான் கரையில் கால் வைத்தால் எதிர்க்கரைக்குப் போயின. எதிர்க்கரைக்குப் போனால் இந்தப் பக்கம் வந்தன. ராகி உருண்டை ஏரித் தரையில் உட்கார்ந்திருந்தது. அதையும் நான் தெளிவாகப் பார்க்க முடிந்தது. நான்கு நாளும் ஒரு தக்கைகூட ஆடவில்லை.

யுகாதியன்று யேசுராஜுக்கு விடுமுறை. வந்து பார்த்தான்.

"ஒளிய எடமே இல்லாம பண்ணிட்டீங்க சார். உங்க நெழலைப் பார்த்தே பயப்படுது. ஒரு பத்துக் கூடை செடியைத் திரும்பக் கொண்டாந்து ஓரமாப் போடுங்க. பொழுது சாய அது கீழ வந்து நிக்கும்."

"வேண்டாதுன்னு வெளிய போட்டதை மறுபடி உள்ள விடறதா?"

"அப்ப அணைக்குப் போய் ஒரு நாலு கிலோ கட்லா வாங்கிட்டு வந்துடறேன். ஈரச்சாக்குல சுத்தி..."

அவனை அதற்கு மேல் பேசவிடவில்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருளை நான் தொடுவதில்லை. அவன் பன்னிரண்டு வருஷம் என்னிடம் என்ன கற்றான் என்று வருத்தமாக இருந்தது.

ஏப்ரல் 10, புதன்கிழமை. விடியும்போதே போய்விட்டேன். வெங்கடம்மா வீட்டில் அடுப்பு மூட்டி, மசாலா அரைபடும் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. மதியம் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அசையாமல் உட்கார்ந்தேன். என் நிழலைச் சின்னதாக்கிக்கொள்ளக் குனிந்து உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்கு மினிலாரி வந்தது. காவேரி இறங்கினாள். பின்னால் மகளிர் குழுவின் மற்ற பதினொரு பேரும். அவர்களுக்குப் பின்னால் காவேரியின் அண்ணனும் மூன்று ஆட்களும். நான்கு பேர் தோளிலும் சேர்ந்து ஒரே மூட்டை.

"என்ன அது?" என்றேன்.

"வலைங்க."

"வலையா? எதுக்கு?"

"மீன் புடிக்கத்தான். இம்மாம் நாளும் போட முடியலைங்க. செடி இருந்தா வலை சிக்கிக் கிழிஞ்சுரும். இப்பதான் சுத்தமா இருக்குதே."

ஒரு முனையைக் கிழக்கு மூலையில் கட்டினார்கள். நான் நான்கு நாளில் முடித்த அதே மூலை. மறுமுனையோடு பரிசல் புறப்பட்டது. அது அவர்களைச் சுழற்றவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்துக்கொண்டே வந்தார்கள். வழியில் ஒரு வேர் தடுக்கவில்லை, ஒரு தண்டு தடுக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் வலை சரிவான கரைக்கு வந்தது. தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. கட்லா, ரோகு, கெண்டை, இடையில் இரண்டு பெரிய விரால். தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெருமைப்படும்படியான யோசனை இல்லை. தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கி, வலை விளிம்பில் துள்ளிய ஒரு கட்லாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். மூன்று கிலோ இருக்கும். அது என் கன்னத்தில் வாலால் அறைந்தது.

"வெங்கடம்மா ஏரி. ரெண்டு கிலோவுக்கு மேல. என் கையால் புடிச்சது" என்றேன்.

காவேரி பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்தாள். என் கையெழுத்து.

"தூண்டில் போட்டுன்னு இருக்குதுங்களே."

"மீன் மீன்தானே காவேரி."

"பொருள் சரியா இருந்தாப் போதாதாம்ங்க. முறையும் சரியா இருக்கணுமாம்." குழு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு, அந்த மீன் பாவம், கீழே விடுங்கள் என்றாள்.

விட்டேன். குழுப் பொருளாளர் அதை எடுத்துக் கூடையில் போட்டார்.

வெங்கடம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முத்திரைத்தாளில் எழுதிய ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். மீன் வளர்ப்புக்காக ஏரியை மூன்று வருஷம் மகளிர் குழுவுக்குக் குத்தகை விட்டிருக்கிறார். ஒரே நிபந்தனை: செடியைக் குழுவே தன் பொறுப்பில் அகற்றிக்கொள்ள வேண்டும். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பது என் தொழில். பார்த்தேன். பிப்ரவரி 5. சீரகம் காணாமல் போவதற்கு ஒரு வாரம் முன்பு. சமையலறையில் நான் ஃபைவ் எஸ் தொடங்கிய நான்காம் நாள்.

"நான் கேட்டேன் சாரு" என்றார் வெங்கடம்மா. "ஜேசிபி உள்ள எறக்கினா கரை உடஞ்சிபூடும், கூலிக்கு யாரும் வர்றதில்லை, எல்லாரும் கம்பெனிக்குப் போயிட்டாங்க, எப்படிம்மா சுத்தம் பண்ணுவீங்கன்னு. வீட்ல ஒரு மெஷின் சும்மா நிக்குது, டீசல் வேணாம், முடியாதுன்னு சொன்னாப் போதும், தானா ஓடும்னு சொல்லிச்சு உங்க சம்சாரம்."

மோர் நன்றாக இருந்தது. குடித்து முடித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த காவேரியிடம் கேட்டேன். ஏமாற்றியது நியாயமா என்று.

"என்ன ஏமாத்தினேன்? மீன் இருக்குதுன்னேன். இருந்துச்சு."

"நேரா வந்து ஏரியைச் சுத்தம் பண்ணிக் குடுங்கன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா?"

கெலமங்கலம் வரைக்கும் யோசித்தேன். எந்தப் பதிலும் எனக்குச் சாதகமாக இல்லை.

"அதான்" என்றாள் அவள். பிறகு, கொஞ்சம் தாராள மனது வந்திருக்க வேண்டும், என் தோளைத் தட்டி, "ஆனா வேலை சுத்தம்ங்க. ஒரு வேர் இல்லை. அண்ணனே அசந்து போச்சு" என்றாள்.

அன்று சாயங்காலம் நாற்பத்தொரு சீட்டுகளையும் நானே கிழித்தேன். பிறகு வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். மீன் குழம்பு வாசனை படி தாண்டி வந்தது. அதற்குத் தடை எதுவும் எழுதியிருக்கவில்லை. காவேரி தட்டில் தலைத் துண்டை எனக்கு வைத்தாள். எங்கள் வீட்டில் அது லேசில் கிடைக்கிற பொருள் இல்லை. யேசுராஜும் அவன் மனைவி மேரிராணியும் வந்து சாப்பிட்டார்கள். நான் இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். தண்ணீரும் கேட்டுத்தான் வாங்கிக் குடித்தேன்.

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, சூளகிரிக்கு அருகே ஒரு மாந்தோப்புக்காரரின் ஏரியில் மகளிர் குழுவின் செடி அகற்றும் இரண்டாவது வேலை தொடங்கியது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். இந்தமுறை என்னை இறக்குவதற்கு யாரும் மீனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை.